வட்டமிட்ட விமானம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஆயுத பூசை. வண்டிகளுக்குப் பொட்டிட்டுப் பொரி வழங்கி முடிந்த மாலை நேரத்தில், ஊர் முழுவதும் தொலைக்காட்சி முன் கூடிவிட்டது. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 5.40 மணியளவில் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் பழுது. 140க்கும் மேற்பட்ட பயணிகளுடன் அது வானில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று செய்தி. மேலப்பாளையமோ கடையநல்லூரோ, வளைகுடாவில் ஒரு மகனோ மருமகனோ இல்லாத தெருவை நம் நெல்லைச் சீமையில் காண்பது அரிது. ஆகவே அந்த விமானத்தில் உறவினர் இல்லாதவர்களும் உறவினர்போலவே பதைத்தார்கள். "இறங்க முடியாமல் தவிக்குதாமே!" என்பதே எல்லார் வாயிலும்.

8.15 மணியளவில் விமானம் ஒரு கீறலும் இன்றி இறங்கியது. தவித்தது உண்மையா, அல்லது அந்த இரண்டரை மணி நேரமும் வேலைதான் நடந்ததா என்பதை ஆராய்வோம்.

முதலில், ஹைட்ராலிக் என்பது யாது? மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்னும் பாஸ்கல் விதியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். திருச்சியில் பறந்த போயிங் 737 வகை விமானத்தில் இவ்வழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது 30 பவுண்டு அளவே. சக்கரங்களை மடக்குவதும் நீட்டுவதும், இறக்கையின் மடிப்புகளை விரிப்பதும், தரையில் பிரேக் பிடிப்பதும் இந்த எண்ணெயின் வலிமைதான்.

இவ்வளவு பொறுப்பை ஒரே குழாயை நம்பி விடுவார்களா? விடவில்லை. இவ்விமானத்தில் 'ஏ', 'பி' என இரண்டு முதன்மை அமைப்புகளும் மாற்று அமைப்பு ஒன்றும் உள்ளன. நம் தாமிரபரணியை எண்ணிப் பாருங்கள். அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் காலும், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்காலும் பிரிகின்றன. ஒரு காலின் கரை உடைந்தால் மற்றக் காலின் வயல் காய்வதில்லை. ஆனால் இந்த உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். அங்கே கால்கள் பலவாயினும் ஆறு ஒன்று. விமானத்திலோ எண்ணெய்த் தொட்டியே தனித்தனி. ஒன்றின் எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போனாலும் மற்றதில் ஒரு சொட்டும் குறையாது.

'ஏ' அமைப்பு போய்விட்டால் சக்கரத்தை எப்படி இறக்குவது? துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடி உண்டு. அதற்குள் மூன்று கைப்பிடிகள். அவற்றை இழுத்தால் பூட்டு விடுபட்டுச் சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே வந்து நிற்கும். மடிப்புகளை விரிக்க மின்சார மோட்டார் இருக்கிறது. இரண்டு முதன்மை அமைப்புகளும் போனாலும் கம்பி வடங்களைக் கொண்டு கைவலுவால் விமானத்தைத் திருப்பலாம். பளு மிகும், ஆனால் முடியும்.

இனி விமானிகளின் வேலைக்கு வருவோம். ஓடுதளத்தில் ஓடும்போதே, இன்ன வேகம் வரை நிறுத்தலாம், அதைத் தாண்டினால் பறந்தே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். எழுந்தபின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே எந்தப் பொத்தானையும் தொடமாட்டார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். முதல் கடமை விமானத்தை நேராகப் பறக்கவிட்டுப் போதிய உயரம் பெறுவது. அடுத்தது எங்கே போகிறோம் என்பது. தரையோடு பேசுவது மூன்றாவதே. ஒருவர் பறத்தலை மட்டும் கவனிப்பார். மற்றவர் பழுதுக்குரிய கையேட்டை எடுத்து வரிவரியாகப் படிப்பார். மனப்பாடமாகச் செய்யும் வேலை மிகச் சில. அவசரத்தில் நினைவு ஏமாற்றும் என்பதை விமானத்துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. பணிப்பெண்களுக்கும் நான்கு செய்திகள் சொல்லப்படும்: என்ன பழுது, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன.

தீயோ புகையோ என்றால் சுற்றும் பேச்சே இல்லை. எடை எவ்வளவாயினும் உடனே இறங்க வேண்டும். ஹைட்ராலிக் பழுது அப்படியன்று. ஒரு முதன்மை அமைப்பு குறைந்தால் தரையில் விமானத்தை நிறுத்தும் ஆற்றல் குறையும்; ஓடும் தூரம் கூடும். திருச்சி ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். 737-800 விமானம் 79 டன் வரை எடையுடன் எழலாம். ஆனால் இறங்குவதற்கான வரம்பு 66 டன் அளவே. பெரிய விமானங்கள் சிலவற்றைப்போல எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி 737இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன். வட்டமிட்டதன் பொருள் இதுவே. ஓடுதளத்தின் நீளத்தைக் கருதி எரிபொருளையும் எடையையும் குறைக்கவே சுற்றியதாக விமான நிறுவனமும் அறிவித்தது.

மற்றொன்றும் குறிப்பிடத் தக்கது. விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை என்று நிறுவனம் கூறியது. விமான நிலையமோ மாலை 6.05 மணிக்கே முழு அவசரநிலை அறிவித்துத் தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸ்களையும் நிறுத்தி வைத்தது. இரண்டும் முரண் அல்ல. மேலே இருப்பவர் நிதானமாகவும், கீழே இருப்பவர் மிகையாகவும் இருப்பதே முறை.

ஆயினும் சுற்றுவதிலும் ஆபத்துண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியபடி அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். எரிபொருள் தீர்கிறது என்பதை உடனிருந்தவர்கள் அறிந்தும் அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் புறநகரில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் மாண்டனர். பெரியவரிடம் கீழ்ப்பணியாளர் தயங்காமல் பேசவும், பெரியவர் கேட்கவும் பயிற்சி தரும் முறையை அந்நிறுவனம் 1981இல் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் பரவிய அப்பயிற்சியின் மதிப்பை, மூத்தவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாமல் வளரும் நாம் எளிதில் உணரலாம்.

திருச்சியிலேயே 2018 அக்டோபர் 12 அதிகாலை நடந்ததும் நினைவுகூரத் தக்கது. துபாய்க்குப் புறப்பட்ட ஒரு 737 விமானம் ஓடுதளத்துக்கு அப்பாலிருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு எழுந்தது. தரையிலிருந்து எச்சரித்தபோது, கருவிகள் எல்லாம் சரியாகவே காட்டுகின்றன என்று விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தனர். ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குப் பின் மும்பையில் இறக்கிப் பார்த்தபோதுதான் அடிவயிறு கிழிந்திருந்தது தெரிந்தது. 136 பேரும் பிழைத்தனர். கிழிந்த தகட்டைக் காட்டும் முள் எந்தக் கருவியிலும் இல்லை. அன்று திரும்பி வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரின் வானில் சார்ஜா விமானம் சுற்றியபோது, அது போகவேண்டிய திசையில் ஓரடிகூட முன்னேறவில்லை. பயணிகள் வேறொரு விமானத்தில் சார்ஜாவுக்கு அனுப்பப்பட்டனர்.