ஒளியும் ஒரு மருந்தே: நாட்பட்ட வலிக்கு ஒளிச் சிகிச்சை

தில்லியில் குளிர் தொடங்கினால், நம் தமிழ்க் குடும்பங்களில் முழங்கால் வலிப் பேச்சும் கூடவே தொடங்கிவிடும். பிள்ளைகளோடு இருக்கலாம் என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்களே இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள். பல ஆண்டுகளாக பிசியோதெரபி செய்து வருபவன் என்பதால், சங்க விழாக்களில் என்னைப் பார்ப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிவப்பு வெளிச்சம் காட்டினால் வலி போய்விடும் என்கிறார்களே, வாங்கலாமா சார்?"

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்த ஒளி, எவ்வளவு ஒளி, எந்த வலிக்கு என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடக்கம்

ஒளியால் நோய் தீர்ப்பது புதிய செய்தியல்ல. தோலில் வரும் காசநோயைச் செறிவான ஒளியால் குணப்படுத்தியதற்காக, டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்டது. 1967-இல் புடாபெஸ்ட் நகரில் எந்திரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் புற்றுநோய் வருமா என்றறிய எலிகளின் முதுகை மழித்து ஒளியைச் செலுத்தினார். புற்றுநோய் வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு முடி விரைவாக வளர்ந்தது. பிறகு அவர் ஆறாத புண்களுக்கும் அதைப் பயன்படுத்தினார். இன்றைய ஒளிச் சிகிச்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வெப்பமா, ஒளியா?

பிசியோதெரபி நிலையங்களில் பெரிய சிவப்புக் குமிழ் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அது அகச்சிவப்பு விளக்கு. அதன் வேலை வெப்பம் தருவது. வெப்பத்தால் இரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், சிறிது நேரம் சுகமாக இருக்கும். வெந்நீர்ப் பை ஒத்தடமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. குளிர்காலப் பகலில் மொட்டை மாடி வெயிலில் முழங்காலை நீட்டி உட்கார்ந்தால் கிடைக்கும் இதமும் இந்த வகைதான்.

குறைந்த திறன் லேசரும், அதன் உறவான சிவப்பு எல்.இ.டி. ஒளியும் வேறு. அவற்றின் வேலை வெப்பத்தால் நடப்பதன்று. ஏறக்குறைய 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி தோலைக் கடந்து உள்ளே செல்கிறது. உயிரணுவுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஒளியை ஏற்றுக்கொள்கிறது என்றும், அதனால் அழற்சி தணிகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

எந்த வலிக்கு?

கழுத்து வலி: 2009-இல் 'லான்செட்' இதழ், 16 ஆய்வுகளில் பங்கேற்ற 820 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டது. நாட்பட்ட கழுத்து வலி உள்ளவர்களுக்கு, சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரை வலி குறைந்திருந்தது.

முழங்கால் தேய்மானம்: 2019-இல் வெளியான ஒரு தொகுப்பில் 22 ஆய்வுகள், 1063 பேர். சரியான அளவில் ஒளி பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. அளவு குறைந்த இடத்தில் பலன் தெரியவில்லை.

இடுப்பு வலி: இதில் மருத்துவ உலகம் ஒருமித்த கருத்தில் இல்லை. 2009-இல் பிரிட்டன் வழிகாட்டுக் குறிப்பு லேசர் வேண்டாம் என்றது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, சான்று வலுவற்றது என்று சொல்லிக்கொண்டே, முயன்று பார்க்கத்தக்கவற்றில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

ஒற்றைத் தலைவலி: அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 29 பேர், நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் மங்கலான பச்சை ஒளியில் 10 வாரங்கள் இருந்தார்கள். தலைவலி நாட்கள் பாதிக்கும் மேல் குறைந்ததாக 2020-இல் முடிவு வெளியாயிற்று. நல்ல செய்திதான், ஆனால் 29 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

நீரிழிவால் வரும் பாத மரமரப்பு: வீட்டிலேயே அகச்சிவப்புச் சாதனத்தைக் காலில் கட்டிக்கொள்ளும் சிகிச்சை 69 பேரிடம் 90 நாட்கள் சோதிக்கப்பட்டு 2008-இல் முடிவு வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கொடுத்தது ஒளி வராத போலிச் சாதனம். இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அளவுக் கணக்கு

மாத்திரைக்கு மில்லிகிராம் போல ஒளிக்கு ஜூல். கணக்கு எளிது: திறனை நேரத்தால் பெருக்க வேண்டும். 100 மில்லிவாட் கருவியை ஓரிடத்தில் 40 வினாடி வைத்தால் 4 ஜூல். அதே இடத்தில் 5 மில்லிவாட் கருவியை வைத்தால், 4 ஜூல் சேர 800 வினாடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். முழங்காலைச் சுற்றிப் பல புள்ளிகள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதனால் வாங்கும் முன் அலைநீளம் எத்தனை நானோமீட்டர், திறன் எத்தனை மில்லிவாட் என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்ணும் பெட்டியில் இல்லாத சாதனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் பலனும் கூடும் என்றும் எண்ண வேண்டாம். ஓர் எல்லைக்கு மேல் பலன் குறையவும் கூடும்.

கவனிக்க வேண்டியவை

1. நீரிழிவு உள்ளவர்களின் மரத்துப்போன பாதத்தில் அகச்சிவப்பு விளக்கோ வெந்நீர்ப் பையோ கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையே இழக்க நேரலாம். விளக்கு வைக்கும் முன் நாங்கள் வெந்நீர், தண்ணீர் நிரப்பிய இரு குழாய்களைத் தோலில் தொட்டு, எது சூடு என்று கேட்போம். சரியாகச் சொல்லாதவருக்கு விளக்கு இல்லை.

2. லேசர் ஒளியைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்கே தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

3. புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தின் மேலும், கர்ப்பிணிகளின் வயிற்றின் மேலும் வீட்டில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

4. வலியோடு காய்ச்சல், எடை குறைதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் விளக்கைத் தேடாமல் உடனே மருத்துவரைத் தேடுங்கள்.

ஒளிக்குப் பிறகு

நான் சிகிச்சை தருபவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவது இதுதான். ஒளி தேய்ந்த மூட்டை மீண்டும் புதிதாக்காது. வலியைச் சற்றுத் தணிக்கும். அந்தத் தணிவை வீணாக்காமல் பயிற்சி செய்ய வேண்டும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுப்பெற்றால் முழங்காலின் சுமை குறையும்.

அடுத்த முறை அம்மாவுக்கோ மாமனாருக்கோ ஒரு சாதனம் வாங்க எண்ணினால், முதலில் அவர்கள் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். பிறகு அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். விலையைக் கடைசியில் கேட்டால் போதும்.