பிரேக் பைப்பில் கை வைக்கும் தம்பிகளுக்கு

அரியானாவின் டப்வாலியில் ராணுவ ஏலத்தில் வந்த பாகங்களைக் கூட்டி ஜீப் கட்டுவார்கள். அப்படிக் கட்டிய வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் வந்தால் வயலில் இறங்கும், உர மூட்டை ஏற்றும், கொள்முதல் நிலையத்தில் மழையில் நிற்கும். அதன் பிரேக் பைப்பைத் தொடும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் கழுவுங்கள், ஸ்பானர் பிறகு. பைப்பைச் சேசிஸோடு பிடிக்கும் கிளிப்புக்குள் நடவுச் சேறு அடைந்து கிடக்கும். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் போகாது. கிளிப்பைக் கழற்றி நகத்தால் சுரண்டுங்கள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, அந்த அரை அங்குலத்தில் மட்டும் இரும்பு செதில் செதிலாக வரும். பொட்டாஷ் மூட்டை கசிந்த வண்டியில் இது இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைடு துருவை வேகமாக வளர்க்கும்.

2. நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பானர்தான். சாதாரண ஸ்பானர் முனையை மழுக்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விடுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டுப் பைப்பை வெட்டுங்கள்.

3. குழி விழுந்த பைப்புக்குப் பற்றவைப்பு வேண்டாம், ரப்பர் ஓஸ் போட்டுக் கட்டவும் வேண்டாம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் காற்று. அழுத்திப் பிரேக் போட்டால் இந்தப் பைப்புக்குள் 70 பாருக்கு மேல் போகும்.

4. ஃபிரிட்ஜ் கடைச் செம்புக் குழாயைப் போடாதீர்கள். அதிர்வில் இறுகி வெடித்துவிடும். 4.75 மி.மீ. இரட்டைச் சுவர் இரும்புப் பைப் போதும். வேதாரண்யம், நாகப்பட்டினம் உப்புக் காற்றில் ஓடும் வண்டியென்றால் செம்பு-நிக்கல் பைப் வாங்கச் சொல்லுங்கள், செலவு கூடினாலும். முனைக்கு இரட்டை ஃபிளேர். நட்டை மாட்டிவிட்டுத்தான் ஃபிளேர் அடிக்க வேண்டும்.

5. ஃபிளேர் உட்காரும் இடத்தில் டெஃப்லான் டேப், கிரீஸ் எதுவும் கூடாது. நட்டின் பின்பக்கம், பைப் நுழையும் வாயில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூச்சு. தண்ணீர் தேங்குவது அங்கேதான். அந்தக் கிரீஸ் உள்ளே போய்விடாமல் பாருங்கள், ரப்பர் ஊதிவிடும்.

6. துரு உள்ளிருந்தும் வரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140க்கே இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்த டப்பா ஆயிலை அடுத்த போகத்துக்கு எடுக்காதீர்கள். ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயின்ட் உரிந்த இடம்தான் அடுத்த துரு.

7. ஏர் எடுத்து முடித்ததும் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் உலர்ந்த காகிதத்தால் ஒவ்வொரு நட்டையும் துடைத்துப் பார்க்கட்டும். காகிதம் நனைந்தால், களத்தில் நெல் மூட்டை காத்திருக்கிறது என்று வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.