162 எங்கிருந்து வந்தது?

வெண்ணந்தூர்ப் பகுதியில் என்னிடம் படிப்போரில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். கட்டட வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளும் உண்டு. பெரியவர்கள் தாளும் பேனாவும் இல்லாமல் கணக்குப் போடுவதைப் பார்த்து வளர்பவர்கள் இவர்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் உருளையின் கன அளவு என்றதும் தயங்குகிறார்கள். இத்தயக்கம் போக நான் எடுத்துக்கொண்டது கம்பிக் கணக்கு.

கம்பி கட்டுவோருக்கு இது பழகிய கணக்கு: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 16 மி.மீ. கம்பிக்கு 256/162. இரண்டையும் பாதியாக்கினால் 128/81, அதாவது சுமார் 1.58 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 19 கிலோ.

இதைச் சொன்னதும், "எங்க அப்பாவும் இப்படித்தான் சார் போடுவாரு" என்று யாராவது சொல்வார்கள். 162 ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. பாடத்தை அங்கே தொடங்கலாம்.

கம்பி ஓர் உருளை. விட்டம் d மி.மீ., நீளம் 1000 மி.மீ. எனில், கன அளவு π/4 × d² × 1000 கன மி.மீ.; அதாவது 0.785d² கன செ.மீ. ஒரு கன செ.மீ. எஃகின் எடை 7.85 கிராம். பெருக்கினால் சுமார் 6.165d² கிராம். கிலோவாக்க 1000-ஆல் வகுக்கிறோம், 1000-ஐ 6.165-ஆல் வகுத்தால் 162.2. தசமத்தை விட்டதால் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான். 16 மி.மீ. கம்பியின் எடை 5 விழுக்காடு வரை கூடக் குறைய இருப்பதையே ஐ.எஸ். 1786 தரநிலை ஏற்கிறது. எந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டும் என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு நூல் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் நம்பர். நம்பர் கூடினால் நூல் மெல்லியது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். எதிர்விகிதத்துக்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. ஒரு கிலோவில் எத்தனை கிலோமீட்டர் நூல் என்று அறிய, நம்பருடன் அதன் பத்தில் ஏழு பங்கைக் கூட்டினால் போதும். 40-ஆம் நம்பருக்கு 40 + 28 = 68. துல்லியமாகக் கணக்கிட்டால் 67.7. கெஜத்தையும் பவுண்டையும் மெட்ரிக் அளவுக்கு மாற்றி, இந்தப் பத்தில் ஏழு எப்படி வந்தது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு பாடவேளை ஆகும், ஆகட்டும்.

தேர்வில் சுருக்குவழியை மட்டும் எழுதினால் படிகளுக்கான மதிப்பெண் போய்விடும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். விடையைச் சரிபார்க்கத்தான் அது.

வீட்டுப்பாடமாக இரண்டு கேள்விகள் தருவது வழக்கம்: சதுரக் கம்பிக்கு 162-க்குப் பதிலாக என்ன எண் வரும்? ஒரு கன செ.மீ. 2.7 கிராம் எடையுள்ள அலுமினிய உருளைக் கம்பிக்கு?