உரியவரிடம் சேர்த்தல்

காஞ்சிமாநகரின் ஒருபால், வேகவதி ஆற்றை அடுத்து அமைந்துள்ளது திருப்பருத்திக்குன்றம். இதனைச் சினகாஞ்சி எனவும் வழங்குவர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டையொட்டிச் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதன் மேற்கூரையில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன.

சமணர் இல்லறத்தார்க்கு வகுத்த ஐந்து நோன்புகளுள் கள்ளாமையும் ஒன்று. பிறர் வைத்த பொருளையோ, தவறவிட்ட பொருளையோ, மறந்துபோன பொருளையோ தான் எடுத்தலும் ஆகாது, வேறொருவர்க்கு எடுத்துக் கொடுத்தலும் ஆகாது என்று இரத்தினகரண்ட சிராவகாசாரம் என்னும் வடமொழி நூல் இதனை விளக்குகிறது. எடுத்தல் குற்றம் என்பதை யாவரும் அறிவர். கொடுத்தலும் குற்றமாவது எங்ஙனம்?

இவ்வூர் நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில், மழைக்கு அஞ்சி நாயொன்று வந்து ஒதுங்கியது எனக் கொள்க. அதன் கழுத்தில் வார் இருந்தமையால், எவரோ வளர்த்தது என்பது தெளிவு. வீட்டார் சோறும் நீரும் வைத்துப் பேணினர்; அக்கம்பக்கத்தில் செய்தியும் அறிவித்தனர். மறுநாட் காலையில் ஒருவர் வந்து, "இஃது என் நாய்" என்றார். மாலையில் மற்றொருவர் வந்து அவ்வாறே கூறினார். நாயோ இருவரிடத்தும் வாலைக் குழைத்து நின்றது!

வால் குழைத்தலைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. பழகிய இயல்புடைய நாய் எவரிடத்தும் வால் குழைக்கும்; அச்சமுற்ற நாய் தன்னை வளர்த்தவரைக் கண்டும் ஒடுங்கும். எனவே வேறு சான்று வேண்டும்.

அவ்வீட்டார் செய்தி அறிவித்தபொழுது, நாயின் நிறத்தை மட்டுமே கூறினர். வயிற்றடியில் இருந்த பழந்தழும்பைக் கூறவில்லை. வந்தவரிடமும், "தழும்பு உண்டா?" என்று கேட்டாரல்லர். அங்ஙனம் கேட்பின், "உண்டு" என்று விடையிறுத்தல் எவர்க்கும் எளிதன்றோ? "உம் நாய்க்குரிய அடையாளம் யாது?" என்றே வினவினர். காலையில் வந்தவர் நிறத்தையே மீண்டும் கூறினார். மாலையில் வந்தவரோ தழும்பைக் கூறியதோடு, தடுப்பூசிச் சீட்டையும், குட்டியாய் இருந்தபோது எடுத்த நிழற்படத்தையும் காட்டினார்.

கால்நடை மருத்துவரும் இவ்வகையில் துணை புரிவார். சில நாய்களின் தோலுக்கடியில் அரிசி மணியளவான நுண்சில்லு பொருத்தப்பட்டிருக்கும். கருவி கொண்டு நோக்கின், 15 இலக்க எண் தோன்றும். அவ்வெண்ணுக்குரியவர் யார் என்பதைப் பதிவேட்டிற் காணலாம். ஆவினத்திற்குக் காதிலிடும் வில்லையில் 12 இலக்க எண் உண்டு.

மறைந்த அடையாளத்தால் உரியவரை அறிதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அது உடைபடுமுன்னரே கூறினாள். பாண்டியன் தேவியின் சிலம்பிலோ முத்துப்பரல் இருந்தது. சிலம்பு உடைந்தபொழுது மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் இதனை முன்னரே வினவியிருப்பின், கோவலன் உயிர் போயிராது.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. கண்டெடுத்தவர் அப்பொருளைக் கருத்துடன் காத்தல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். உரியவரைத் தக்கவாறு தேடாமல் தமதாக்கிக் கொள்ளுதல், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றமாகும்.

காலையில் வந்தவரைப் பொய்யர் என்று இகழ்தல் முறையன்று. அவரும் அதே நிறமுடைய நாயை இழந்து வருந்துபவராய் இருக்கலாம். ஆயினும், அவர் துயர் கண்டு இரங்கி நாயைக் கொடுத்திருப்பின், மாலையில் வந்தவர்க்கு என்ன விடை கூறுவது? வாய்பேசா அவ்வுயிரும் தன் வீட்டை மீண்டும் இழந்திருக்கும். உரியவரல்லார்க்குக் கொடுத்தல் குற்றமாவது இதனாலேயாம்.