சேற்றில் தொடங்கும் உணவுச் சங்கிலி

உணவுச் சங்கிலி வரையச் சொன்னால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று மாணவர்கள் மளமளவென எழுதிவிடுகிறார்கள். நாவலூரில் எங்கள் பள்ளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் முட்டுக்காடு கழிமுகம் இருக்கிறது. அங்குள்ள மடவை மீன் எதைத் தின்னும் என்று கேட்டால், "சின்ன மீனை" என்பதே பெரும்பாலோர் விடை. மடவையின் முக்கிய உணவு சேற்றின் மேற்படலம்தான்.

கழிமுகச் சேறு வெறும் மண் அன்று. இறந்த பாசிகளும் செடிகளும் மட்கி அதில் படிகின்றன. அவற்றின்மேல் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஒளி படும் இடத்தில் டயாட்டம் எனும் நுண்பாசி படர்கிறது. இவற்றை உண்டு புழுக்கள், சிறு இறால்கள், நண்டுகள், நத்தைகள் வாழ்கின்றன. கிழங்கான் மீன் கூரிய வாயால் மணலைக் கிளறிப் புழுக்களையும் சிறு இறால்களையும் பிடிக்கிறது. கொடுவா, இறாலையும் மீன்களையும் அப்படியே விழுங்குகிறது.

செயல்பாடு

மீன் கடையில் ஒரு மடவையும் ஒரு கிழங்கானும் வாங்கி, குடல் அறுபடாமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வகுப்பில் கையுறை அணிந்து ஆசிரியரே குடலை நீட்டி வைக்க, மாணவர்கள் நூலால் அளக்கட்டும். குடல் நீளத்தை உடல் நீளத்தால் வகுக்கச் செய்யுங்கள். மடவையின் குடல் உடலைப் போலச் சில மடங்கு இருக்கும். கிழங்கானின் குடல் உடல் நீளத்தைவிடக் குறைவு. மட்கிய பொருளும் பாசியும் மெதுவாகச் செரிப்பவை; அதற்கு நீண்ட குடல் தேவை. கோழியின் அரைவைப்பை போன்ற மடவையின் தடித்த இரைப்பையையும் காட்டுங்கள். உள்ளே மணல் துகள்கள் இருக்கும். உணவை அரைக்க அவை உதவுகின்றன.

மீனவர், இருளர் குடும்பப் பிள்ளைகள் இருந்தால் இந்த வகுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். எந்த மீனுக்கு எந்த இரை, எந்தச் சேற்றில் இறால் பதுங்கும் என்பது வீட்டிலேயே அவர்கள் கற்ற பாடம். தேர்வுத்தாளில் பின்தங்கும் பிள்ளை இங்கே முன்னால் வந்து நிற்கும்.

சிந்திக்க வைக்கும் கேள்விகள்

1. மடவையும் கொடுவாவும் கடல்நீரில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்கின்றன. மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்தால் என்ன ஆகும்?

2. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தை அடைகிறது. அதில் கழிவுநீர் கலந்தால் முதலில் பாதிக்கப்படுவது புழுவா, கொடுவாவா?

இரண்டாம் கேள்விக்கு வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிடும். நகர முடியாத புழு முதலில் சாகும். அதை நம்பிய கிழங்கான் அடுத்து அருகும் என்று அவர்களே வந்து சேர்வார்கள். கட்டட இடிபாடுகளைக் கழிமுகக் கரையில் கொட்டுவது ஒரு உணவுச் சங்கிலியின் முதல் கண்ணியை மூடுவது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்காது.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்த நிறுவனம் இது. அனுமதி பெற்றுக் களப்பயணம் செல்லலாம். கடல் அருகில் இல்லாத பள்ளிகள் ஊர் ஏரியின் கெண்டையையும் விராலையும் வைத்து இதே பாடத்தை நடத்தலாம்.