ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்கு ஊசி – ஏன்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

சென்ற தவக்காலத்தில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் திருநீர்மலையிலுள்ள நம் மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகளுக்காக ஜெபித்துச் சென்றார்கள். புறப்படும் நேரத்தில் ஒரு தாயார் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "இரண்டு பேருக்கும் மார்பகப் புற்றுநோய்தானே? மலையடிவாரத்து அம்மாவுக்குத் தினம் ஒரு மாத்திரை. அனகாபுத்தூர் நெசவாளர் வீட்டுச் சகோதரிக்கு மட்டும் விலையுயர்ந்த ஊசி. இது பாரபட்சம் ஆகாதா?"

காணிக்கை கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான் இது. ஆகவே இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

நோயின் பெயர் ஒன்று, குணம் வேறு

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரே நோய் அல்ல. சிலருடைய கட்டி, உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டு வளர்கிறது. அந்த ஹார்மோன் கட்டியின் செல்லுக்குள் இடம்பிடிக்காமல் தடுத்தால் வளர்ச்சி அடங்கும். டாமாக்சிஃபென் மாத்திரை செய்வது இதைத்தான். விலை குறைவு, ஆனால் 5 முதல் 10 வருடம் விடாமல் சாப்பிட வேண்டும்.

வேறு சிலருடைய கட்டியில், செல்லின் மேற்பரப்பில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். "வளரு, வளரு" என்று செல்லுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் புரதம் இது. எல்லாருடைய செல்களிலும் சிறிது உண்டு. இவர்களுக்கோ அது பல மடங்கு பெருகியிருப்பதால் நோய் வேகமாகப் பரவும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வகை. அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவரோடு உழைத்தவர்களும் 1987-ல் இந்தத் தொடர்பை வெளியிட்டார்கள். 1998-ல் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து அங்கே அனுமதி பெற்றது.

இந்த இரண்டு குணமும் இல்லாத மூன்றாவது வகையும் உண்டு. அவர்களுக்கு இந்த மாத்திரையும் உதவாது, இந்த ஊசியும் உதவாது. முக்கியமாகக் கீமோதெரபியையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புப் புரதங்களைக் கர்த்தர் வைத்திருக்கிறார். அதே மாதிரியில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ஒரு புரதமே டிராஸ்டுசுமாப். இது ஹெர்-2-ன்மேல் போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. அதோடு, நம் உடலின் காவல் செல்கள் வந்து அழிக்கும்படி அந்தச் செல்லை அடையாளமும் காட்டுகிறது. ஆரம்ப நிலை நோயில் கீமோதெரபியோடு இதையும் கொடுத்தால், நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2005-ல் பெரிய ஆய்வுகள் காட்டின. இது இருதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பரிசோதனை அவசியம்.

முதலில் சோதனை, பிறகு மருந்து

யாருக்கு எது என்பதை அந்தக் கட்டியே சொல்கிறது. கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்குக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்து, ஹெர்-2-க்கு 0 முதல் 3 வரை மதிப்பு இடுகிறார்கள். 3 என்றால் ஊசி பயன் தரும். 0 அல்லது 1 என்றால் இந்த ஊசி தேவையில்லை. 2 என்றால் சந்தேகம்; மரபணுச் சோதனையும் செய்தே முடிவு சொல்ல வேண்டும். மலையடிவாரத்து அம்மாவுக்கு வந்த பதில் 0. அனகாபுத்தூர் சகோதரிக்கு 3. அம்மாவுக்கு அந்த ஊசியைப் போட்டிருந்தால் நன்மை இருந்திராது. உங்கள் காணிக்கையும் வீணாகியிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது எங்கே கட்டியை அகற்றினாலும், அதைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். மெழுகில் பதித்த திசுவையும் கேட்டு வாங்கிவையுங்கள்.

சோதனை முடிந்தபின் மேல்சிகிச்சைக்கு நம்மவர்களை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புகிறோம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது.

பாதியில் நின்றால்?

ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று. ஒரு வருடத்தில் ஏறத்தாழ 18. 2014 முதல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் தயாரித்த இணை மருந்து நம் நாட்டிலேயே கிடைக்கிறது. பிறகு வேறு நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் தறியை நம்பி வாழும் வீட்டுக்கு இது இன்னும் பெரும் பாரமே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று முதலில் பார்க்கிறோம். மீதிக்கும், எக்கோவுக்கும், பஸ் செலவுக்கும் உங்கள் காணிக்கை போகிறது.

இதில் எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரிக்கு முதல் ஊசிகளுக்கு மகிழ்ச்சியோடு உதவினோம். முழு வருடக் கணக்கை உட்கார்ந்து பார்க்கவில்லை. ஐந்தாவது ஊசிக்குப் பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது, "மறுபடியும் கேட்க வெட்கமாக இருந்தது" என்றார். அதற்குள் நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அன்றுமுதல், முதல் ஊசிக்கு முன்பே கடைசி ஊசிவரைக்குமான வழியைக் குடும்பத்தாரோடு எழுதி வைக்கிறோம். நோயாளி கேட்கும்வரை காத்திராமல் நாங்களே தேடிப் போகிறோம்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்து நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தான். தொடங்கிய உதவி முடியும்வரை அது தன் பொறுப்பு என்று எண்ணினான்.

அனகாபுத்தூர் சகோதரி இதுவரை ஒன்பது ஊசிகள் போட்டிருக்கிறார். இன்னும் ஒன்பது இருக்கின்றன.

ஜெபக்குறிப்புகள்

1. அந்தச் சகோதரியின் சிகிச்சை தடையின்றி முடியவும், அவருடைய இருதயம் பலமாயிருக்கவும் ஜெபியுங்கள்.

2. மலையடிவாரத்து அம்மா மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட ஜெபியுங்கள்.

3. மார்பில் கட்டியை உணர்ந்தும் வெளியே சொல்லத் தயங்கும் நம் சகோதரிகள் காலதாமதமின்றி வர ஜெபியுங்கள். உங்கள் சபையிலும் இதை அறிவியுங்கள்.

கர்த்தருடைய பணியில் உங்களோடு,
திருநீர்மலை மருத்துவமனை ஊழியர்கள்