ரீடிங் எடுப்பவருக்கு எத்தனை கை?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காலிபரேஷன் லேபுக்கு ஆட்டோமேஷன் மென்பொருள் வாங்கியாயிற்று, ஆனாலும் டெக்னீஷியன்கள் ரீடிங்கைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பயிற்சி போதவில்லை என்பது உங்கள் முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள் கவலை நியாயமானதுதான். லேப்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன் 2017 பதிப்பில் 7.5 பிரிவு, கண்ட ரீடிங்கைக் கண்ட நேரத்திலேயே பதிவு செய்யச் சொல்கிறது. சீட்டு குப்பைக்குப் போனால் மூலப்பதிவே போனதாக ஆகும். ஆனால் சீட்டைப் பிடுங்குவதற்கு முன், அது எந்த வேலையில் எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் பிரஷர் கேஜ் பெஞ்சில்தான் இருக்கும்.

10 பார் ஊசி கேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கை, அழுத்தம் ஏற்றும் கம்பேரிட்டரின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறது. ஊசி 4 பார் கோட்டுக்கு வந்ததும், உராய்வில் சிக்கியிருந்தால் விடுபட, முகப்பை மறு கையின் விரலால் லேசாகத் தட்ட வேண்டும். கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் பாரலாக்ஸ் பிழை வரும். எங்காவது சின்னக் கசிவு இருந்தாலும் அழுத்தம் நகர்ந்துவிடும் என்பதால், அதே நொடியில், கேஜை ஒப்பிடும் மாஸ்டர் கருவியின் எண்ணையும் படித்தாக வேண்டும். இந்த நேரத்தில் திரை 'ஓகே'வை மௌஸால் அழுத்தச் சொல்கிறது. எந்தக் கையால்? தையற்காரருக்கு இருப்பதுபோல் காலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, மிதித்ததும் டிஜிட்டல் மாஸ்டரின் எண் தானாகப் பதிவாகும்படி செய்தால் பாதிச் சீட்டு அன்றைக்கே காணாமல் போகும்.

மீதிப் பாதிக்குக் காரணம் இறங்குவரிசை. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும்போது 6 பாரைத் தாண்டிக் கீழே போய்விட்டால், சக்கரத்தைச் சற்றே திருப்பி 6-க்கு ஏற்றி ரீடிங் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் ஹிஸ்டரிசிஸ், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் ரீடிங் வித்தியாசம், பற்றிய கணக்கு பொய்யாகிவிடும். உச்சி வரை ஏற்றி மறுபடி இறங்க வேண்டும். வேலை தெரிந்தவர் அப்படித்தான் செய்வார். ஆனால் பல மென்பொருள்களில் அதற்கு வழியே இல்லை. அடுத்த பாயிண்டுக்குப் போ, இல்லையென்றால் முழுவதையும் ரத்து செய், அவ்வளவுதான். ஆகவேதான் சீட்டு.

மின்சாரப் பக்கம் கதை வேறு. அங்கே மாஸ்டராக இருக்கும் காலிபரேட்டரைக் கம்ப்யூட்டர் ஆட்டி வைப்பது பழைய வித்தை. ஹியூலெட் பேக்கார்ட் உருவாக்கிய, கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பஸ், ஐஇஇஇ 488 என்ற பெயரில் 1975-லேயே தரநிலை ஆகிவிட்டது. ஃப்ளூக் நிறுவனத்தின் மெட்/கால் போன்ற மென்பொருள்கள் அந்த வழியில் வளர்ந்தவை. ஆனால் உங்களிடம் வரும் கையடக்க மல்டிமீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்ப்யூட்டரோடு பேச வாய் கிடையாது. ஆட்டோமேஷன் மாஸ்டர் பக்கம் மட்டும்தான். மீட்டரைப் படிப்பதும், நாப் திருப்புவதும், லீட் மாற்றுவதும் மனிதர்தான். அப்படியிருக்க, பாயிண்டுகளை மீட்டரின் மேனுவலில் உள்ள வரிசைப்படியே புரொசீஜரில் போட்டுவிட்டால், வோல்ட், ஆம்பியர், மறுபடி வோல்ட் என்று லீட் இடம் மாறிக்கொண்டே இருக்கும். லீட்டை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மறந்துவிட்டால் காலிபரேட்டர் ஓவர்லோடு காட்டி நிற்கும். அதுவாவது பரவாயில்லை, 1000 வோல்ட் இருக்கும்போது கை லீட்டுக்குப் போகக் கூடாது. ஒரே இணைப்பில் முடியும் பாயிண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பதற்குப் பெரிய அறிவு வேண்டாம், பெஞ்சில் ஒரு நாள் நின்றால் போதும்.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள், பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு பெட்டி வந்தால் விரல் படிக்காமலே என்டர் தட்டப் பழகிவிடும். 1000 வோல்ட்டுக்கான பெட்டியையும் அதே விரல்தான் தட்டும். இணைப்பு மாறும்போதும் அபாய மின்னழுத்தம் வரும்போதும் மட்டும் நிறுத்தட்டும், அதுவும் படத்தோடு.

இன்னொன்றில் நீங்கள் என்னோடு ஒத்துப்போவீர்களா தெரியவில்லை. எதிர்பார்க்கும் மதிப்பையும் பாஸ் எல்லையையும் ரீடிங் எடுக்கும் முன்பே திரையில் காட்டக் கூடாது என்பேன். ஊசி இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும்போது, நல்லவரின் கண்ணும் எல்லைக்குள் சாய்ந்துவிடும். எண்ணை ஏற்றிய பிறகு காட்டுங்கள். தசமப் புள்ளி இடம் மாறி 10.02 என்பது 100.2 ஆனால் உடனே சிவப்பு காட்டட்டும். திருத்தவும் விடட்டும், ஆனால் பழைய எண், திருத்தியவர், தேதி, காரணம் எல்லாம் அழியாமல் நிற்க வேண்டும். காரணம் கேட்காத 'மறுபடி எடு' பொத்தான் ஆபத்தானது. ஃபெயில் ஆன ரீடிங்குகளெல்லாம் அதன் வழியே சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

எக்செல் தாளை உங்கள் ஆட்கள் இன்னும் விரும்புவதாகக் கோபப்படுகிறீர்கள். அதில் எல்லாப் பாயிண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. மூன்றாவது ரீடிங் முரண்டு பிடித்தால் பக்கத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட முடிகிறது. பாயிண்டுக்கு ஒரு திரை காட்டும் மென்பொருளில் அது முடியாது. அவர்கள் ரசனை சரிதான்.

அடுத்த பதிப்புக்கு டெமோ காட்ட வருகிறார்கள் என்றால், அவர்கள் பையில் கொண்டுவரும் பளபள மீட்டரை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ரேக்கிலிருந்து பழைய ஊசி கேஜ் ஒன்றை எடுத்துக்கொடுத்து, புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனை ஓட்டச் சொல்லுங்கள். விற்க வந்தவர் வாய் திறக்கக் கூடாது. பாயிண்ட் வரிசையை மாற்ற யாருக்கு உரிமை என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாற்றம் எதுவானாலும் அனுமதி பெற்று, பதிவு செய்து, சரிபார்த்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்கிறது 17025-இன் 7.11. அதை உங்கள் லேபிலேயே ஒருவர் செய்ய முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆள் வந்துதான் மாற்றுவார் என்றால், மீதித் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்